இப்பக் கொஞ்சம் பரவால்ல

‘இப்பக் கொஞ்சம் பரவால்ல’க்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பிக்க வழியே இல்லை. தெருவுக்கு இரண்டு பேர், குடும்பத்துக்கு ஒருவர், கல்யாண மண்டபத்தில் மைக்செட்டுக்குப் பக்கத்தில் மட்டும் நாலு பேர் என்று ஆண்டவன் தாராளமாகவே படைத்து விட்டிருக்கிறான். இவர் எதையும் சரிசெய்துவிட மாட்டார். எதையும் சும்மா விட்டுவிடவும் மாட்டார். கிறீச்சிடும் மின்விசிறிக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு ஏறி, இறக்கையைப் பழைய பனியனால் துடைத்து, மேலே இருந்த கிண்ணத்தைக் கீழே இறக்கி, கீழே இறக்கியதை மறுபடி மேலே ஏற்றி, ரெகுலேட்டரை ஒன்றுக்கும் ஐந்துக்குமாக நாலு தடவை அலைக்கழித்து, இறங்கி வந்து, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டையே கையமர்த்தி, ஒரு காதை மட்டும் மேலே சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். விசிறி எப்போதும்போலக் கிறீச்சிடும். இவர் முகத்தில் மட்டும் ஒரு தெளிவு வரும்.

“இப்பக் கொஞ்சம் பரவால்ல.”

அதோடு விட்டால் நல்ல மனுஷர்தான். விடமாட்டாரே! கண்ணைத் திறந்து உங்களைப் பார்ப்பார். “வித்தியாசம் தெரியுதுல்ல?” என்பார். வேர்த்து விறுவிறுத்து, தலையெல்லாம் ஒட்டடையோடு ஒருத்தர் உங்களுக்காக ஸ்டூலிலிருந்து இறங்கி நிற்கும்போது ‘தெரியவில்லை’ என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழும்புமா? ஆமாம் என்று தலையாட்டுவீர்கள். இந்த இனம் இத்தனை காலமாக அழியாமல் தழைத்திருப்பது அந்தத் தலையாட்டலைத் தின்றுதான்.

புதுச்சேரியில் இந்த இனத்தின் நல்ல ஜாதி மாதிரியாக ஒருவர் இருக்கிறார். லாஸ்பேட்டை சக்கரபாணி. படித்தவர், கெட்டிக்காரர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அவர் மனைவி ஹேமலதாவுக்கு இந்தத் துறையில் மகன் காலேஜ் போகும் அளவுக்கு அனுபவம். ஒருமுறை காப்பி நன்றாக இல்லை, கடையை மாற்று என்று சக்கரபாணி ஒரு வாரம் நச்சரித்தார். எட்டாம் நாள் ஹேமலதா டம்ளரை நீட்டி, “கடைய மாத்திட்டேன்” என்றாள். அவர் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். “இப்பக் கொஞ்சம் பரவால்ல.”

“அதே கடை. அதே தூள்.”

வேறு யாராக இருந்தாலும் டம்ளரோடு தலையைக் கவிழ்த்திருப்பார்கள். சக்கரபாணி அசரவில்லை. “அப்ப பால்ல என்னமோ மாத்தியிருக்க” என்றார்.

இப்படிப்பட்டவர் வீட்டோடு இருந்தால் சேதம் காப்பியோடு போய்விடும். ஆனால் அவருக்கு ஒரு தொழில் இருந்தது. தொழிலில் ஷஃபீக் என்று ஒரு கூட்டாளி இருந்தார். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனிக்கும் ஒரு லேத் பட்டறைக்கும் நடுவே, இவர்கள் இருவரும் இயந்திரங்களுக்கு மூளை செய்துகொடுத்தார்கள். இரும்பும் ஒயரும் ஷஃபீக் பொறுப்பு. மூளைக்குள் என்ன எழுத வேண்டும் என்பது சக்கரபாணி பொறுப்பு. ஒயிட் டவுனில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவருக்கு – அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரை முசே என்பார்கள் – கார் வந்தால் தானாகத் திறக்கும் வாசல் கேட் செய்துகொடுத்தது இவர்களுடைய பெரிய புகழ். அந்தப் புகழைக் கேள்விப்பட்டுத்தான் வீராம்பட்டினத்திலிருந்து அஞ்சலாட்சி வந்தாள்.

“பாய், கேட்டெல்லாம் எனக்கு வேணாம். பெருசு இந்தப் பக்கம் வுழணும், சிறுசு அந்தப் பக்கம் வுழணும். அவ்ளோதான். இதுக்கு எங்கூட்டு நாயே போதும், தின்னுடும்னுதான் உங்களாண்ட வந்தேன்.”

மீன். ஏலக்கூடத்தில் நின்று கானாங்கெளுத்தியைப் பெரிதும் சிறிதுமாகக் கூடை கூடையாகப் பிரித்துப் பிரித்து அவளுடைய வலது தோள் போய்விட்டிருந்தது. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட இடது கைதான்.

“தடைக்காலம் முடிஞ்சி போட்டுங்க எறங்கற அன்னிக்கு நான் என் எடத்துல நின்னு மீன் பிரிச்சாவணும் பாய். இல்லன்னா எங்கொழுந்தன், ‘அண்ணிக்கு முடியல, பாவம்’னு சொல்லிக்கினே எடத்த எடுத்துப்பான். பாவம்னு சொல்றவன்தான் மொதல்ல எடுப்பான்.”

ஷஃபீக்குக்கு அந்த வார்த்தை தைத்தது. “போட் எறங்கறதுக்கு முன்னாடி வர்ற வெள்ளிக்கெழம காலைல உங்க மீனையே கொண்டாங்கக்கா. ஓட்டிக் காட்டறோம்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

இயந்திரம் எளிமையானது. ஒரு பெல்ட். அதன்மேல் மீன் வரும். எடை பார்க்கும் இடத்தைத் தாண்டியதும் ஒரு சென்சார் அதைக் காணும். பெரிய மீனாக இருந்தால் பக்கத்திலிருக்கும் ஸ்டீல் கை ‘தட்’ என்று ஒரு தட்டுத் தட்டி நீலக் கூடையில் தள்ளும். சிறியதைத் தொடாது, அது நேரே போய்ச் சிவப்புக் கூடையில் விழும். இதில் கஷ்டம் தட்டுவதில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. தாலி கட்டும் நொடியில் அடித்தால்தான் கெட்டிமேளம். அரை நிமிஷம் கழித்து எவ்வளவு பலமாக அடித்தாலும் வெறும் இரைச்சல். சொன்ன நொடியில் தவறாமல் வேலைக்கு வருகிற லினக்ஸ் கர்னல் என்று ஒரு மேஸ்திரி மென்பொருள் இருக்கிறது, ரியல்டைம் என்பார்கள். அதைத்தான் சக்கரபாணி போட்டிருந்தார்.

கர்னல் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் புதிதாகக் குடிவந்தவன் மாதிரி. எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று யாராவது எழுதி ஒட்டினால்தான் தெரியும். சென்சார் இந்த ஒயரில், கை அந்த ஒயரில், இது விழித்திருக்கிறது, அது தூங்குகிறது என்று கிளை கிளையாக எழுதிக் கொடுக்கும் அந்த ஃபைலுக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். மரம் என்றே வைத்துக்கொள்வோம். கர்னல் குடியிருக்கும் சர்க்யூட் போர்டு ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் மரத்தை ஒருதரம் படித்துக்கொள்ளும். சக்கரபாணி தன் மரத்தை நகக்கண் அளவு மெமரி கார்டில் வைத்துப் போர்டில் செருகுவார்.

முதல் நாளே கை தாமதமாகத் தட்டியது. பெரிய மீன் சாவகாசமாகக் கடந்துபோன பிறகு, பின்னால் தேமே என்று வந்த சின்னதுக்கு விழுந்தது அறை. உண்மையில் அது மீன்கூட இல்லை. தடைக்காலத்தில் மீன் விற்கிற விலைக்குப் பட்டறையில் வைத்துப் பழக முடியுமா? செருப்புதான். ஷஃபீக்கின் ஒன்பதாம் நம்பர் செருப்பு பெரிய கானாங்கெளுத்தி. பக்கத்து லேத்துக்காரர் மகளின் பழைய செருப்பு சின்ன கானாங்கெளுத்தி. தட்டாஞ்சாவடியில் அந்த வாரம் முழுக்க இரண்டு படித்தவர்கள் வெறுங்காலோடு நின்று, ஓடும் செருப்புகளைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கர்னல்ல ஒண்ணுமில்ல பாய், மரத்துலதான் இருக்கு. ஒரே ஒரு வரி” என்றார் சக்கரபாணி. 

ஒரே ஒரு வரி! இந்த இனத்தின் குலதெய்வம் அதுதான். அந்த ஒரு வரிக்காக அவர் சென்சார் இருந்த கிளையை ஒடித்து இன்னொரு கிளையில் ஒட்டினார். தூங்கிக்கொண்டிருந்த டைமரை எழுப்பினார், விழித்திருந்ததைத் தூங்கவைத்தார். போர்டில் இருந்த நாலு மூளைகளில் ஒன்றைத் தனியே பிரித்து, கோயிலுக்கு ஆடு விடுவதுபோல மீனுக்கென்றே நேர்ந்துவிட்டார். சாயங்காலம் கார்டை வீட்டுக்கு எடுத்துப்போய் மாற்றி எழுதி, காலையில் கொண்டுவந்து செருகி, ஸ்விட்சைப் போட்டு, ஷஃபீக்கைக் கையமர்த்தி, ஒரு காதைச் சாய்த்து, கண்ணை மூடினார். செருப்பு போயிற்று. பின்னால் வந்த செருப்புக்கு அறை விழுந்தது.

“இப்பக் கொஞ்சம் பரவால்ல. நேத்து தட்டுனதுக்கும் இன்னிக்குத் தட்டுனதுக்கும் வித்தியாசம் தெரியுதுல்ல?”

ஷஃபீக்குக்குத் தெரியவில்லை. தன் காதில்தான் கோளாறோ என்று தோன்றியது. “ஆமாண்ணே” என்றார்.

தப்பு அவர்மேலும் இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒருநாள் கேட்டார்: “அண்ணே, எதையும் மாத்தாம ஒருவாட்டி ஓட்டிப் பார்ப்பமா?” சக்கரபாணி, டாக்டரிடம் மருந்தே கொடுக்காமல் அனுப்புங்கள் என்று சொன்ன நோயாளியைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். “மாத்தாம ஓட்டனா எப்படி பாய் மாறும்?” பிறகு பழி கரண்ட்டுக்குப் போனது; கரண்ட்டிலிருந்து உப்புக்காற்றுக்குப் போனது. புதுச்சேரியில் உப்புக்காற்று தாங்காத பழியா? சைக்கிள் செயினிலிருந்து சம்பந்தம் முறிந்தது வரைக்கும் அதன் தலையில்தானே விடிகிறது.

புதன்கிழமைதான் உச்சம். முந்தின சாயங்காலம் சக்கரபாணிக்கு ஓர் அபாரமான யோசனை. கையை அடியோடு அணைத்துவிட்டுச் சென்சார் மட்டும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது. கை இருந்த கிளையில், ‘இது இல்லை என்று வைத்துக்கொள்’ என்ற பொருளில் ஒரு வார்த்தை எழுதினார். காலையில் கார்டைச் செருகி, பெல்டை ஓடவிட்டார். அணைத்து வைத்த கை, எந்தக் குறையும் இல்லாமல், வழக்கமான தாமதத்தோடு, வழக்கமான செருப்பைத் தட்டியது.

“அண்ணே, கைய ஆஃப் பண்ணிட்டேன்னீங்களே?”

“ஆமா.”

“தட்டுதே?”

சக்கரபாணியின் முகம் மலர்ந்தது. “அதான் பாய் ரியல்டைம்! ஆஃப் பண்ணியும் என்னா ஒழுங்கா தட்டுது பாரு. முன்னைக்கு இப்பக் கொஞ்சம் பரவால்ல.”

அந்த நொடியில் ஷஃபீக் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் டீ வந்துவிட்டது. டீ ஆறிவிடும். தலையை ஆட்டிவிட்டுக் குடித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. குட்டி யானை வண்டியில் ஐஸ் போட்ட ஒரு கூடைக் கானாங்கெளுத்தியோடு அஞ்சலாட்சியும் வந்தாள். சக்கரபாணி சலவைச் சட்டையில் இருந்தார். நேற்றுச் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கடைசியாக ஒரே ஒரு வரி மாற்றியதாகவும், இனி பிசகவே பிசகாது என்றும் சொல்லி, ஸ்விட்சைப் போட்டார்.

பெரிய மீன் போயிற்று. நேரே போய்ச் சிவப்புக் கூடையில் விழுந்தது. பின்னால் வந்த சின்ன மீனுக்கு ‘தட்’. அது துள்ளி நீலக் கூடையில் விழுந்தது. அடுத்த பெரியது நிம்மதியாகப் போயிற்று. அடுத்த சின்னதுக்கு ‘தட்’.

“இன்னா பாய் இது? பெருசு செய்யற தப்புக்குச் சிறுச அடிக்குது. எங்கூட்டு நாயம் மாதிரியே இருக்குது.”

சக்கரபாணி கண்ணை மூடி நின்றார். “ஒண்ணு கவனிச்சீங்களா? நேத்துக்கு இன்னிக்கு...”

“கொஞ்சம் பரவால்லியா?” என்றாள் அஞ்சலாட்சி. இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “எனுக்கு எது பரவால்லன்னு காட்டு சாரே. எங்கொழுந்தன் கேப்பான், சொல்லணும்ல?”

அப்போது சக்கரபாணியின் போன் அடித்தது. ஹேமலதா. கையெல்லாம் மீன் ஐஸ் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னங்க, நேத்து போட்ட சட்டையில ஒரு குட்டி கார்டு இருந்திருக்கு. பாக்காம வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன். இப்பத்தான் டிரம்முல கெடச்சுது. வேணுமா, தூக்கிப் போட்ரட்டா?”

பெல்ட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன மீனுக்கு ‘தட்’ என்று விழுந்தது.

ஷஃபீக் குனிந்து போர்டைப் பார்த்தார். கார்டு செருகும் இடம், முன்பல் விழுந்த பிள்ளையின் வாய் மாதிரி, காலியாக இருந்தது.

“அண்ணே... அப்ப இப்ப ஓடறது எது?”

போர்டை அணைத்துப் போட்டார். அது உயிர்பெறும்போது திரையில் வரிகள் சரசரவென்று ஓடும். யாரும் நின்று படிக்காத வரிகள். அன்றைக்குத்தான் ஷஃபீக் மேலே உருட்டிப் படித்தார். ஆரம்பத்திலேயே போர்டு தன்னை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை அடக்கமாகச் சொல்லியிருந்தது. முசே வீட்டு வாசல் கேட்.

அந்தப் போர்டு கேட் வேலையில் மிச்சமானது. பழைய மரம் அதன் வயிற்றுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. கார்டைப் பார் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, அதுவும் பார்க்கவில்லை. சக்கரபாணி நாள்தோறும் வெட்டி ஒட்டி நேர்ந்துவிட்ட எதையும் அது படித்ததே இல்லை.

“இன்னா பாய் சொல்லுது மிஷினு?”

“அது தன்ன ஒயிட் டவுன் கேட்னு நெனச்சிக்கிட்டு இருக்குக்கா. முசே வீட்டுல தெருநாய் குறுக்க போனாலும் கேட் தொறக்குதுன்னு, எது வந்தாலும் கொஞ்சம் நின்னு, காரா நாயான்னு பார்த்துட்டு அப்பறம் தொறன்னு எழுதி வெச்சிருந்தோம்.”

அஞ்சலாட்சி பெல்டின்மேல் கிடந்த கானாங்கெளுத்தியைப் பார்த்தாள். “அப்ப இத்தினி நேரமா எம்மீன ஒவ்வொண்ணா காரா நாயான்னு பாத்துக்கினா இருந்திச்சி?”

கொஞ்ச நேரத்தில் ஹேமலதாவே ஸ்கூட்டியில் கார்டைக் கொண்டுவந்து சேர்த்தாள். சோப்பு வாசனையோடு இருந்தது; ஆனாலும் செத்துவிடவில்லை. ஷஃபீக் துடைத்துச் செருகி, ‘இனி கார்டைத்தான் படிக்க வேண்டும்’ என்று போர்டுக்குப் புத்தி சொல்லி, ஸ்விட்சைப் போட்டார். ஒரு வாரத்து மாற்றமெல்லாம் ஒரே மூச்சில் உள்ளே போனது. புதன்கிழமை மாற்றமும்தான்.

பெல்ட் ஓடியது. கை அசையவில்லை. அணைத்துவைத்த கை அல்லவா? பெரிது சிறிது என்ற பேதம் இல்லாமல் அத்தனை மீனும் ஒற்றுமையாக ஒரே வரிசையில் போய்ச் சிவப்புக் கூடையை நிரப்பி, நிரம்பி வழிந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சக்கரபாணியின் வெறுங்கால்மேல் விழுந்தன. அவர் காதைச் சாய்த்தார்.

“சத்தமே இல்ல பார்த்தீங்களா? இப்பக்...”

“சொல்லாதீங்க” என்றாள் ஹேமலதா.

முதல் நாள் இருவரும் சேர்ந்து எழுதிய மரம், சக்கரபாணியின் கைபடுவதற்கு முந்தைய அந்தக் கன்னி மரம், ஷஃபீக்கிடம் ஒரு பென்டிரைவில் இருந்தது. அதைக் கார்டில் போட்டார். ஸ்விட்ச்.

‘தட்.’ பெரிய மீன் நீலக் கூடையில். சின்னது சிவப்பில். சின்னது சிவப்பில். ‘தட்.’ பெரியது நீலத்தில். 

அஞ்சலாட்சி கையைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்தாள். நீலத்துக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு வாரு வாரினாள். சிறிது ஒன்றுகூட இல்லை. இன்னொரு தரம் வாரினாள். பெல்டில் அடுத்த மீன் வரும்போது பழக்கத்தில் அவளுடைய வலது தோள் ஒருமுறை எழும்பி, வேலை இல்லை என்று தெரிந்து இறங்கியது.

“ம். ஏத்துங்க வண்டில.”

முதல் நாளே சரியாக இருந்த ஒன்றை, ஒரு வாரம் பாடுபட்டு மறுபடி முதல் நாளுக்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் ஒரு மாசத்துக்குப் பட்டறைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். சக்கரபாணி கால்விரலில் ஒட்டியிருந்த செதிலைத் துடைத்தபடி யோசித்தார். அவர் முகத்தில் அந்தத் தெளிவு வந்தது.

“எல்லாத்தையும் எடுத்ததும் ஒரு மாத்தந்தானே பாய்? நான் போடலன்னா நீ எதை எடுத்திருப்ப?”

ஷஃபீக் தலையை ஆட்டவில்லை. அந்த வாரத்தில் அது முதல் தடவை.

அஞ்சலாட்சி வண்டியில் ஏறும்போது ஒரே நிபந்தனை போட்டாள்: “மிஷினு வரட்டும். இன்ஜினியர் சாரு இங்கியே இருக்கட்டும்.”

தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கிய சில நாளில் ஷஃபீக் வீராம்பட்டினம் போனார். ஏலக்கூடத்தில் அஞ்சலாட்சி தன் இடத்தில் நின்றிருந்தாள். இயந்திரம் தட்டிக்கொண்டிருந்தது, பெரிது நீலத்தில், சிறிது சிவப்பில். ஓரமாக நின்ற கொழுந்தன், பாவம் என்று சொல்ல ஒன்றும் கிடைக்காமல், ஐஸ் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஷஃபீக்குக்கு மனசு நிறைந்தது. அப்புறம்தான் கவனித்தார். ஸ்டீல் கையில் ஓர் எலுமிச்சம்பழமும் மூன்று பச்சைமிளகாயும் தொங்கின. பெல்ட் கிழக்கேயிருந்து மேற்கே திரும்பியிருந்தது.

“மொதல்ல கடலப் பாத்து வெச்சிருந்தேன் பாய். அப்பறம் அம்மன் கோயிலப் பாக்கத் திருப்பனேன்.” அஞ்சலாட்சி சுற்றியிருந்தவர்களைக் கையமர்த்தினாள். ஒரு காதைச் சாய்த்தாள். ‘தட்’ என்றது கை, முன்பு போலவே. “இப்பக் கொஞ்சம் பரவால்ல. வித்தியாசம் தெரியுதுல்ல?”

தோளில் கைவைத்துக்கொள்ளாமல், நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறாள். என்ன சொல்வார் ஷஃபீக்? அவரைக் கேட்காமலே அவர் தலை ஆடியது.

“ஆமாக்கா.”

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். லிஃப்ட் பட்டனில் விளக்கு எரியும்போதே இன்னொருதரம் அழுத்தியவர் நீங்கள் இல்லை. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் அதைப் பலமாக அழுத்துபவரும் நீங்கள் இல்லை. பஸ் சீக்கிரம் வரட்டும் என்று நடுரோட்டுக்கு இறங்கி எட்டிப் பார்த்தவர் வேறு யாரோ. எல்லாம் சரி. ஆரம்பத்தில் ஒரு மாதிரி இருந்த இந்தச் சித்திரம், படிக்கப் படிக்க இப்பக் கொஞ்சம் பரவால்ல என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? 

இங்கே யாரும் எதையும் மாற்றவில்லை.